துருவுக்கு அனுமதி

முப்பத்தோரு வருஷம் ரியேகா கப்பல் பட்டறையில்
துரு சுரண்டினேன்.
எதிரிதான்.
சோறு போட்டதும் அதுவே.

இப்போது நெஞ்சுக்குள் கட்டி.
வாரத்தில் ஐந்து நாள் கதிர்.

நெவென்கா மேசையில் புட்டிகளை வைக்கிறாள்:
வைட்டமின் சி, ஈ, செலினியம்,
அவள் தம்பி ஜெர்மனியிலிருந்து அனுப்பிய
ஏதோ திராட்சைவிதை மாத்திரை.
"உடம்பு துருப்பிடிக்காது" என்கிறாள்,
என் பாஷையிலேயே.

டாக்டர் யாத்ரான்கா கண்ணாடியைக் கழற்றினாள்.
"கதிர் கட்டியைக் கொல்வதே துருவேற்றித்தான், வெலிமிர்.
நீங்கள் அடிக்கும் பெயின்ட்
நல்ல தகடு, கெட்ட தகடு பார்க்குமா?"

பார்க்காது. அது எனக்குத் தெரியாதா?

"அப்போ நிச்சயம் கெடுதலா?"
"நிச்சயம் என்கிற சொல் என்னிடம் இல்லை.
கதிர் முடியும்வரை வேண்டாம். அவ்வளவுதான்."

வீட்டில் அவள் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள்.
விஷயம் கேட்டு, விரல் நின்றது.
"இதுவுமா?"
பழம் சாப்பிடலாமாம்.
ஆளுக்கு ஒரு சுளை. பேச்சில்லை.

புட்டிகள் பரணில்,
காய்ந்த பிரஷ்களுக்குப் பக்கத்தில்.

நாளை ஏழரைக்குச் சட்டையைக் கழற்றி
அசையாமல் படுத்து
துருவிடம் சொல்ல வேண்டும்:
வா,
உன் வேலையைப் பார்.
நான் தொடமாட்டேன்.