கிரகித்தல்

இரவு ஷிஃப்ட் முடிந்து
சீனன்குடாவில் பஸ் ஏறுகிறேன்.
ஒரு வினாவுக்கு ஒன்றேமுக்கால் நிமிடம்
தருகிறது கைபேசி.
காதோரத்தில் இன்னும் மா.

ஆலை லாபில் பிசைந்த உருண்டையைக்
குழாயடியில் பிடித்து
வெள்ளை போகும்வரை கழுவுவேன்.
விரலில் மிஞ்சுகிற மஞ்சள் பசைக்குத்தான்
நிறை பார்ப்பது.
பந்தியையும் அப்படிக் கழுவு என்றாள் றிஸ்மியா.
உதாரணம் போகட்டும், ஆண்டு போகட்டும்,
அடைமொழி எல்லாம் போகட்டும்,
கடைசியில் ஒட்டிக்கொண்டு நிற்பதுதான்
மையக்கருத்து.

எனக்கு ஒட்டுவது எப்போதும் வேறு ஏதோ.
வண்டின் குடலில் வாழும் பூஞ்சணம்.
யாரோ ஒரு அரசன் பருத்திக்குப் போட்ட வரி.
நான் ஒருநாளும் மிதிக்காத பனிப்பாறை,
அதன் வயதில் பிணங்கிய இரண்டு அறிஞர்கள்.
முதலாமவர் சொன்னதை இரண்டாமவர்
மறுக்கிறாரா, திருத்துகிறாரா,
ஒத்துக்கொண்டே இடறுகிறாரா?
கிழமைக்கு நாற்பது பேரின் சண்டை.
விலக்குப் பிடிக்க நான் ஒருத்தி.

வசனத்தின் முடிவில் வினை வருமென்று
காத்திருந்து பழகிய கண் இது.
ஆங்கிலத்தில் அது
முதல் தரிப்பிலேயே இறங்கிப் போய்விடுகிறது.
மிச்சத் தூரம் முழுக்க
யார் என்ன செய்தார் என்று தெரியாமல்
கம்பியைப் பிடித்தபடி நிற்கிறேன்.

பரீட்சைக் கட்டணம் டொலரில்.
சம்பளம் ரூபாயில்.
நடுவில் இந்த பஸ்.

இன்றைக்குப் பதினேழாம் பந்தி.
கடற்படைத் தளங்களைப் பற்றி.
மூன்றாம் வரியில் எங்கள் ஊர்!
தமிழில் ஆறெழுத்து, அங்கே பதினொன்று.
யாருக்காவது காட்டவேண்டும் போல் இருந்தது.
பக்கத்தில் இருந்த அம்மா
மீன்பையை மடியில் வைத்தபடி நல்ல நித்திரை.

ஆழமான துறைமுகம் என்றது பந்தி.
எந்தக் காற்றிலும் கப்பல் ஒதுங்கலாம்.
ஆயினும்,
(நில். 'ஆயினும்' வந்தால் அதில்தான் கேள்வி.)
ஆயினும் அதற்குப் பின்னால்
ஊரென்று சொல்ல ஒன்றும் இருக்கவில்லை.

ஆசிரியர் எதனுடன் உடன்படுவார்?
அ. துறைமுகத்தால் ஊர் செழித்தது.
ஆ. துறைமுகத்துக்கு ஊர் ஒரு பொருட்டல்ல.
மற்ற மூன்றும் பேருக்கு.

நாலாம் கட்டையில் பாண் ஓட்டோ
பாட்டுப் போட்டுக்கொண்டு குறுக்கே வந்தது.
பாலையூற்றில் வெள்ளைச் சட்டைகள் ஏறின,
ஒரு தண்ணீர்ப் போத்தல் உருண்டு
டிரைவரின் காலடிவரை போய்
கைமாறிக் கைமாறித் திரும்பி வந்தது.
விதி எனக்குத் தெரியும்.
பந்தியில் இருப்பதை மட்டும் நம்பு.
உனக்குத் தெரிந்ததை உள்ளே கொண்டுவராதே.
எனக்குத் தெரிந்ததெல்லாம்
மிதிபலகையில் தொங்கிக்கொண்டு வந்தது.

'ஆ'வை அமத்தினேன்.
பச்சை.
முப்பத்தெட்டு விநாடி,
உங்கள் மிகச்சிறந்த வேகம் என்றது கைபேசி.

பள்ளிக்கூடத்தில் இந்தப் பாடத்துக்குக்
கிரகித்தல் என்று பெயர்.
நிலாவை நிழல் பிடிப்பதும்
அதே வேரில் முளைத்த சொல்தான்.

பஸ் ஸ்டாண்டில் றிஸ்மியா நின்றாள்,
கிண்ணியாவிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து.
பதினேழு அவளுக்குப் பிழை.
'அ' போட்டிருக்கிறாள்.
என்னைவிடக் கெட்டிக்காரி,
போன கிழமை பனிப்பாறையில்
ஒன்றுகூடப் பிழைவிடாதவள்.

"விடை தெரியும் புள்ள," என்றாள்,
"கை போகல்ல."

தோற்றவர் பிளேன்டீ வாங்குவது
எங்களுக்குள் ஒப்பந்தம்.
அவள் பேர்ஸைத் திறக்கமுதல்
காசை நான் வைத்தேன்.
ஏனென்று அவள் கேட்கவில்லை.
குப்பை வாளியடியில் ஒரு புள்ளிமான்
யாரோ எறிந்த போட்டோகொப்பித் தாளை
ஓரத்திலிருந்து மென்றுகொண்டிருந்தது.
அவசரமே இல்லை அதற்கு.

பதினெட்டாம் பந்தி தேனீக்களைப் பற்றியது.
"வாசி," என்றாள்.
"மணிக்கூட்டைப் போடாமல் வாசி."