நின்ற இடத்தில் அணைந்த விளக்கு

மழை விட்ட மதியம், போவெட்ஸ்.
மிலிவோய் பைக்கைத் தள்ளிவந்தான்.
"ஏபிஎஸ் வண்டி. சும்மா ஒருதடவை பார், ஸ்தென்கா."

சாவியைத் திருப்பினேன், மஞ்சள் விளக்கு எரிந்தது.
ஸ்டார்ட் செய்தேன், அணைந்தது.

அங்கேதான் இடித்தது.
சக்கரம் நாலடி உருண்டு
பல்வளையத்தின் பற்களை சென்சார் எண்ணி முடித்து
அப்புறமல்லவா அது அணைய வேண்டும்?
ஆயில் விளக்கோடு யாரோ
கள்ளத்தனமாக முடிச்சுப் போட்டிருக்கிறார்கள்.

சீட்டைக் கழற்றினேன்.
மாடுலேட்டர் இருக்கவேண்டிய பொந்தில்
ஒற்றைக் கையுறை, ஒரு சிலந்தி.
பிரேக் குழாய் நேராகப் போகிறது
யாரையும் கேட்காமல்.

"அப்படியானால் நவம்பரில்,
வர்ஷிச் கணவாய் வளைவில், மான் பாய்ந்தபோது
லீவர் என் விரலுக்கடியில் படபடவென்று துடித்ததே?"

முன்சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டேன்.
டிஸ்க் கோணல்.
ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் உரசியது,
சர்க்... சர்க்...

அவன் கேட்டுக்கொண்டே நின்றான்,
விரல் இரண்டும்
இல்லாத லீவரை மடித்தபடி.

புது டிஸ்க் வர வியாழன் ஆகும்.
கள்ள ஒயரைப் பிரித்து
பழைய இடத்தில் சேர்த்தேன்.
இனி அந்த விளக்கு
எரிந்துகொண்டேதான் இருக்கும்.

இறக்கத்தில் அவன் போன வேகத்துக்கு
பின்னால் வந்த பால்வண்டி
மூன்றுமுறை ஹாரன் அடித்தது.