ஒரே நரம்பு

இத்வால் மறுபடி எழுந்து நிற்கிறார்.
டோல்கெத்லாய் ஊர்க்கூட்டத்தில் தேநீர் ஆறத் தொடங்குகிறது.
"அந்த ஏழு படிகளுக்கு ஒரு கைப்பிடி..."

யாரோ பிஸ்கட் தட்டை நகர்த்துகிறார்கள்.
தலைவி பேனாவை மூடுகிறாள்.
என் பின்னால் ஸ்டூவர்ட்,
செஸ்டரிலிருந்து வந்து மூன்று வருடம்தான்,
"ஆரம்பித்துவிட்டார் ஹார்ப்பை" என்கிறான்.

இங்கிலீஷில் அப்படித்தான் சொல்வார்கள்.
சொன்னதையே சொல்பவன்
ஹார்ப் வாசிக்கிறானாம்.
எங்கள் வெல்ஷில் வட்டப் பாட்டு என்போம்,
அதுவாவது பாட்டு.

எனக்குத்தான் சுருக்கென்றது.
இருபத்தாறு வருடமாக
ஹார்ப்புக்குச் சுருதி சேர்ப்பவள் நான்.
நாற்பத்தேழு நரம்பு.
ஈரக்காற்று அடித்தால் எல்லாமே இறங்கிப்போகும்,
இங்கே ஈரக்காற்று அடிக்காத நாளை
நான் பார்த்ததில்லை.

ஒரு நரம்பை எத்தனை தரம் தட்டுவேன் தெரியுமா?
தட்டு, கேள், திருகு.
தட்டு, கேள், கொஞ்சம் போல் திருகு.
அடுத்த அறையில் வீட்டுக்காரர்கள்
ரேடியோவைக் கூட்டுவார்கள்.
போதும் என்று எவரும் சொன்னதில்லை.
பில்லைக் கட்டிவிட்டு நன்றி சொல்வார்கள்.

இத்வாலுக்கு யாரும் பணம் தருவதில்லை.
பக்கவாதம் வந்த இடது கையைக்
கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு
ஒன்பது வருடமாகத் தட்டுகிறார்.
ஸ்லேட் கல் படி. மழை. பாசி. சேப்பல்.
வரிசைகூட மாறாது.
நானும் கண்ணை உருட்டியிருக்கிறேன்,
பொய் சொல்லவில்லை.
ஒருமுறை அவரைக் கண்டதும்
கசாப்புக் கடைக்குள் ஒதுங்கி
வேண்டாத ஈரலை வாங்கி வந்தேன்.

மார்ச்சில் கைப்பிடி வந்துவிட்டது.
கறுப்புப் பெயின்ட், நல்ல கனம்.
தலைவி ரிப்பன் வெட்டினாள்,
ஸ்டூவர்ட் போட்டோ எடுத்தான்.
எல்லோர் முகத்திலும்
ரேடியோவைக் குறைத்த நிம்மதி.

இத்வால் மேல்படியில் நின்றார்.
இறங்கவில்லை.
கம்பி இடப்பக்கம்.
வலது கை காற்றில் ஒருதரம் துழாவிவிட்டுத்
திரும்பி வந்தது.

"ஏறி வரலாம்" என்றார் என்னிடம்.
"இறங்கினால்தானே நெஸ்டா ஏறுவது?"

அடுத்த கூட்டம் வியாழக்கிழமை.
அவர் எழுந்தார், தேநீர் ஆறியது.
"அந்த ஏழு படிகளுக்கு
வலப்பக்கம் ஒரு கைப்பிடி..."

அரைச் சுரம் ஏறியிருந்தது.
எனக்கு மட்டும் கேட்டது என்று நினைக்கிறேன்.