மூன்றாம் பல்

ஜூலையில் புந்தா அரேனாஸில் விடியக் காலை பத்தாகிறது.
அதற்குள் பெட்டியை
நான்கு முறை அணைத்து நான்கு முறை எழுப்பிவிட்டேன்.

நான்கு அறைகளில் பச்சை விளக்கு.
ஐந்தாவதில் இருட்டு.

நேற்றுதான் சோனா ஃபிராங்காவில்
வரியில்லாத விலைக்கு வாங்கினேன்.
கறுப்புப் பிளாஸ்டிக் சட்டை போட்ட டிஸ்க்.
சட்டையோடு வாங்கினால் மலிவு,
வெறும் உடம்புக்கு விலை அதிகம்.
ஏன் என்றேன்.
கடைப் பையன் தோளைக் குலுக்கினான்.
வெண்ணெய்க் கத்தியால் விளிம்பை நெம்பிக் கழற்றியபோது
இரண்டு கொக்கிகள் உடைந்தன.
இனித் திருப்பிக் கொடுக்க முடியாது.

கேபிளை மாற்றினேன்.
அறையை மாற்றினேன்.
பழைய டிஸ்க் ஐந்தாவதிலும் ஒளிர்ந்தது,
புதியது முதலாவதிலும் வாய் திறக்கவில்லை.
காதை வைத்துக் கேட்டேன்.
உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன்.
ஒரு நடுக்கம்கூட இல்லை.
உரித்த சட்டையையே மறுபடி மாட்டி
மடிக்கணினியில் செருகினால்
இதோ இருக்கிறேனே என்று உடனே சுழல்கிறது.

பெட்டியில் பழுதில்லை. டிஸ்கிலும் பழுதில்லை.
இரண்டையும் சேர்த்து வைத்தால்தான் பழுது.
பதினேழு வருடமாகக் கல்யாணங்களைப் படம்பிடிக்கிறேன்,
இந்த வாக்கியத்தை எங்கோ கேட்டிருக்கிறேன்.

பெட்டிக்குள் இருப்பதும் அவர்கள்தான்.
போர்வெனிரில் காற்று முக்காட்டைப் பிடுங்கி
ஜலசந்தியில் போட, வாய்விட்டுச் சிரித்த மணப்பெண்.
கேக்கின் மேல் உட்கார்ந்துவிட்ட மாமனார்.
இன்றுவரை பாக்கி தராத மாப்பிள்ளைகள் ஏழு பேர்.
யாரையும் அழித்ததில்லை.
தொண்ணூற்றெட்டு சதவீதம் நிரம்பிவிட்டது.
சனிக்கிழமை ரியோ செகோவில் அடுத்த கல்யாணம்.

டான்கோவை எழுப்பினேன்.
கப்பல்துறையில் மின்வேலை, இரவுப் பணி முடிந்து
அப்போதுதான் படுத்திருந்தான்.
"வால்பக்கம் பார், நெலிடா. பொன்பற்கள் பதினைந்து இருக்கும்.
மூன்றாவதற்கு மின்சாரம் போகிறதா?"
"போகத்தானே வேண்டும்?"
"போகக் கூடாது.
உன் பெட்டி பழசு, பழக்கத்தில் கொடுக்கிறது.
புது டிஸ்குக்கு அந்தப் பல்லில் மின்சாரம் வந்தால்
தூங்கு என்று அர்த்தம்."

ஐந்து மணி நேரமாக நான்
எழுந்திரு, எழுந்திரு என்று கத்தியது
அதன் காதில்
தூங்கு, தூங்கு என்று விழுந்திருக்கிறது.

தேன்நிற நாடா. புருவக் கத்தரிக்கோல்.
முதல் துண்டு நான்காம் பல்லையும் மூடியது.
இரண்டாவது என் விரலிலேயே குடியேறியது.
மூன்றாவது
உட்கார்ந்தது.

பச்சை.

வரிசையை விரிக்க நாற்பத்தொரு மணி நேரம் என்றது திரை.
நான்கு பேர் சுமந்ததை ஐந்து பேருக்குப் பங்கிட வேண்டும்;
ஒவ்வொரு பங்கோடும் ஒரு மீதிக் கணக்கு.
யாராவது ஒருவர் விழுந்தால்
மற்ற நால்வரும் கூட்டிக் கழித்து
அவர் என்ன வைத்திருந்தார் என்று சொல்லிவிடுவார்கள்.

போன வாரம் யாஸ்னா அல்மொனாசித் வந்திருந்தாள்.
"அவன் வருகிற இடமெல்லாம் வெட்டிவிட்டு
என் கல்யாணத்தை மட்டும் கொடு."
வெட்டினேன். பதினொரு நிமிடம் தேறியது,
அதில் நான்கு நிமிடம் ஆட்டுக்குட்டி வேகும் நெருப்பு.
மகிழ்ச்சியோடு வாங்கிப் போனாள்.
இங்கே இந்த நேரம் அவன்
பொடிப்பொடியாக ஐந்து டிஸ்கிலும் ஏறிக்கொண்டிருக்கிறான்,
எது உடைந்தாலும் திரும்பி வரும்படியாக.
அவளிடம் சொல்லப்போவதில்லை.

முப்பத்தேழு சதவீதத்தில்
தகரக் கூரையைக் காற்று ஒரு முறை தூக்கிப் போட்டது.
தெரு முழுக்க விளக்கு போனது.
பேட்டரி ஒரே ஒரு முறை கீச்சிட்டது.
டிஸ்குகள் கவனிக்கவில்லை.
நான் மின்சாரம் வரும்வரை
கோட்டு போட்டுக்கொண்டு பெட்டியருகே நின்றேன்,
நின்றதால் என்ன பயன் என்று தெரியாமல்.

வெள்ளி மாலை டான்கோ ரொட்டியோடு வந்தான்.
ஐந்து விளக்குகளையும் எண்ணினான்.
"இன்னும் எத்தனை கல்யாணம் கொள்ளும்?"
"எண்பது. காற்றடித்தால் அறுபது."
"காற்றுக்கும் இதற்கும் என்ன?"
காற்றடித்தால் யாரும் வீட்டுக்குக் கிளம்ப மாட்டார்கள்.
விடியும்வரை ஆடுவார்கள்.
விடிவதோ, பத்துக்கு.