மூன்று கம்பி

காவேரிப்பட்டணம், மதியம் ரெண்டு மணி.
திம்மராயன் வண்டியின் வயிற்றைத் திறந்தேன்.
கருகிய கண்ட்ரோலர். மேலிருந்த எழுத்தெல்லாம்
போன ஐப்பசியோடு கரைந்திருந்தது.

பெங்களூர் பஸ்ஸில் வந்த புதுசுக்கும்
அறுபது வோல்ட்தான், மூன்று கம்பிதான்:
மஞ்சள், பச்சை, நீலம்.
நிறத்துக்கு நிறம் சேர்த்தேன்.
மோட்டார் உறுமியது, உதறியது,
பந்தியில் இலை பிந்திய சம்பந்தி மாதிரி.

இங்கே மஞ்சள் என்பது
அங்கே மஞ்சள் இல்லை.

மாற்றினேன், சூடேறியது.
மாற்றினேன், செத்ததுபோல் கிடந்தது.
கிழித்த அட்டைப்பெட்டியில்
ஒவ்வொரு தோல்விக்கும் ஒரு வரி, பென்சிலில்.

பதினொன்றாவதில் சத்தமே இல்லை.
ஸ்டாண்டில் தூக்கிய சக்கரம்
வழுக்கிக்கொண்டு சுழன்றது
பின்னோக்கி.

பர்கூருக்கு ரெண்டு கூடை பெங்களூரா மாங்காய்,
பொழுதுக்குள் இறக்கணும் அவனுக்கு.
"பரவால்லண்ணா, நான்
திரும்பி உக்காந்துக்கறேன்" என்கிறான்.

தடித்ததில் இரண்டு,
அதனோடு பேசும் மெல்லியதில் இரண்டு
இடம் மாற்றி டேப் சுற்றினேன்.

போய்விட்டான். பாலம் தாண்டும்வரை
ஹாரன் மட்டும் கேட்டது, வண்டி கேட்கவில்லை.

அடுத்த வண்டிக்கு இந்தக் கணக்கு உதவாது.
தெரியும்.
அட்டையை ஆணியில் மாட்டிவைத்தேன்.