எச்சம்

அறுபத்திரண்டாம் ஆண்டுக் குளிரில்
புவியியல் துறையில் என் வேலை துளையிடுவது.
ஒரு குடும்பத்துக்கு ஓர் அட்டை.
எத்தனை பேர், எத்தனை பசு, எந்தச் சந்தை,
எவ்வளவு தூரம்.
ஸ்மோலாந்தின் நானூற்றுப் பதின்மூன்று பண்ணைவீடுகள்
என் விரல்நுனியில் டக் டக்கென்று ஓட்டைகளாயின.

முதுகுக்குப் பின்னால் அலமாரியில்
பழைய பேராசிரியர்களின் தடித்த நூல்கள்.
குளிர் தேசத்தான் உழைப்பான், வெயில் தேசத்தான் தூங்குவான் என்று
கணப்படுப்பின் பக்கத்தில் அமர்ந்து எழுதியவர்கள்.
அடுத்த தட்டில்
மாவட்டம் மாவட்டமாக விவரித்தவர்கள்:
இங்கே ஓட்ஸ் விளையும், இங்கே தேவதாரு,
இங்கே மக்கள் கூச்ச சுபாவம்.

பேராசிரியர் ஹெடென்பெரி எல்லாவற்றையும்
நிலவறைக்கு இறக்கச் சொன்னார்.
இனி வர்ணனை வேண்டாம், விதி வேண்டும் என்றார்.
வரைபடத்தின் மேல் மெழுகுத்தாள் விரித்து
அறுகோணம் அறுகோணமாக வரைந்தார்,
ஏரிகளின் மீதும், தேவாலயங்களின் மீதும்,
பெரிய தேனடையாக.
ஒவ்வொரு கண்ணறையின் நடுவிலும் ஒரு சந்தை.
மனிதன் அருகில் உள்ளதற்குப் போவான்.
அவ்வளவுதான்.
அழகாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன்.
இயற்பியல் துறையின் கணினியை ஓர் இரவுக்கு இரவல் வாங்கினோம்.
விடியும்போது புள்ளிகள் எல்லாம்
மின்கம்பிக் குருவிகளைப் போலக்
கோட்டின் மேல் வந்து அமர்ந்திருந்தன.

ஒன்று மட்டும் அமரவில்லை.
அட்டை எண் 317.
நான்கு கிலோமீட்டரில் சந்தை இருக்க,
பத்தொன்பது கிலோமீட்டர் போகிறது,
வியாழன் தவறாமல்.

எச்சம், என்றார் ஹெடென்பெரி.
துளை தவறி விழுந்திருக்கும் என்று என்னைப் பார்த்தார்.
என் துளைகள் தவறுவதில்லை.
எல்லாரும் போனார்கள், வந்தார்கள்.
அவள் மட்டும் போய்—
போய் என்ன செய்கிறாள்?

ஆய்வு மாணவன் சிக்ஸ்டன் ரூஸ் கேட்டுவரப் புறப்பட்டான்.
தனியாக ஆண் வந்தால் கதவு திறக்காது என்று
என்னையும் பேருந்தில் ஏற்றிக்கொண்டான்.

முட்டைக் கூடையைக் கீழே வைக்காமலே அவள் சொன்னாள்:
"பக்கத்துக் கடையில் கணவர் பெயரில் பற்றுப் புத்தகம்.
நான் ஊசி வாங்கினாலும்
சாயங்காலத்துக்குள் மாமியாருக்குத் தெரியும்.
அங்கே என்னை யாருக்கும் தெரியாது.
முட்டை விற்ற காசில் ஒரு காபி குடிப்பேன்.
ஜன்னலோரம். கையுறையைக் கழற்றி வைத்துவிட்டு.
ஒரு மணி நேரம்."

சிக்ஸ்டன் படிவத்தைப் புரட்டினான்.
பயண நோக்கம்: விற்பனை, கொள்முதல், மருத்துவம், வழிபாடு.
பென்சில் நான்கு கட்டங்களின் மேலும் அலைந்து
கொள்முதலில் இறங்கியது.
காபி வாங்கினாள்தானே.

ஆய்வேடு அச்சாகி வந்தபோது
நானூற்றுப் பன்னிரண்டு வீடுகள் இருந்தன.
பக்கத்தின் அடியில், எறும்பெழுத்தில்:
ஒரு குடும்பம் விலக்கப்பட்டது.

பிறகு நீளமுடி விரிவுரையாளர்கள் வந்தார்கள்.
சந்தை எங்கே என்பதை விட்டு
யாருடையது என்று கேட்டார்கள்.
அறுகோணங்களும் நிலவறைக்கு இறங்கின,
குளிர் தேசத்தானுக்குப் பக்கத்து அடுக்கில்.
அப்புறம் ராக்ன்ஹில்ட் வந்தார்,
துறையில் அறையும் சாவியும் பெற்ற முதல் பெண்.
எறும்பெழுத்தைப் படித்துவிட்டு
நேராக என் மேசைக்கு வந்தார்.

அட்டை என்னிடம்தான் இருந்தது.
பின்பக்கம் ரொட்டிக்கு மாவுக் கணக்கு எழுதியிருந்தேன்.
வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.
துளைகளில் சைக்கிள் நிறுத்தம் தெரிந்தது,
கொஞ்சம் பனி, யாரோ போகும் கால்.
பெயர் என்ன என்றார்.
பெயருக்குத் துளை இல்லை என்றேன்.

அவருடைய கட்டுரை நல்ல கட்டுரை.
அதில் அவள் வெளி ஆனாள், அதிகாரம் ஆனாள்,
பதினாறாம் பக்கத்தில் எதிர்ப்பும் ஆனாள்.
காபிக்குப் பால் சேர்ப்பாளா என்று
அவரும் எழுதவில்லை.

சேர்க்க மாட்டாள்.
பேருந்துக்குக் காத்திருந்த நேரத்தில்
நான் கேட்டேன்.