பி லைனில் நின்ற ரயில்

சூரியனில் ஐந்து மணி இரண்டு நிமிடம்.
கிழக்கு விளிம்பில் வெடித்தது.
அந்த ஒளி வந்து சேர்ந்தபோது
போத்தனூர் நடைமேடையில் நான்
டீக்கடைக்காரனோடு இரண்டு ரூபாய்ச் சில்லறைக்கு
மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன்.

எட்டு நிமிடம். ஒளி அதற்குமேல் காக்கவைக்காது.

புரோட்டான்கள் அப்படியில்லை.
மின்னூட்டம் சுமந்தவை காந்தக் கோட்டுக்குக் கட்டுப்பட்டவை.
சூரியன் சுழல, அதில் வேர்விட்ட கோடும்
வளைந்து வளைந்தே வெளியே வருகிறது.
நேரே வா என்றால் வராது.
கொம்பைச் சுற்றும் அவரைக்கொடி போல
ஒவ்வொரு துகளும் தன் கோட்டைச் சுற்றிக்கொண்டு,
கோட்டின் சிடுக்குகளில் முட்டிச் சிதறி,
சில திரும்பிப் போய், மறுபடி கிளம்பி.

"ஏனுங்க, இன்னைக்கும் அதே கோடுங்களா?"
எதிர் இருக்கை மாசிலாமணி.
கஞ்சிக்கோட்டு உருக்காலையில் இரவு ஷிப்ட்.
கைமுறுக்குப் பொட்டலத்தை நீட்டினார்.

எடுத்துப் பார்த்தேன்.
முறுக்கிய இழை.
அந்த இழையே சுருண்டு சுருண்டு
நடுவிலிருந்து வெளியே.
என் மூன்று வருட ஆய்வு,
எண்ணெய்ப் பிசுக்கோடு.

"இப்படித்தான் வருதுங்க" என்றேன்.
கொஞ்சம் யோசித்தார்.
"அப்ப நம்ம மேல விழோணும்னா
மேக்கால வெடிக்கோணும். கெழக்கால வெடிச்சா
அந்தக் கோடு நம்மளத் தாண்டி எங்கியோ போயிருமே?"

அதேதான்.
அதேதான் நெறியாளரும் சொன்னார்.
ஆனால் ஐந்து நாற்பதுக்கே
வரைபடம் ஏறத் தொடங்கிவிட்டது.
கருவிக் கோளாறு என்று
இதற்கு முன் இரண்டு தடவை அடித்துவிட்டார்.

வாளையார் தாண்டி வண்டி நின்றது.
விசிறி நின்றது. பேச்சு நின்றது.
கணவாய்க் காற்று மட்டும்
ஜன்னல் கம்பிகளில் விடாமல்.
டார்ச்சோடு ஓடிய டிராக்மேன் சுகதன்
கீழிருந்து சொன்னான்: "ஆன."

காட்டுக்குள் ஏ லைன் ஒரு பக்கம், பி லைன் ஒரு பக்கம்.
வரைபடத்தில் இரண்டும் ஒழுங்கான இணைகோடுகள்.
இங்கே ஒன்று குன்றைச் சுற்றப் போகிறது,
ஒன்று ஓடையைத் தேடி இறங்குகிறது,
எங்கோ ஒரு திருப்பத்தில்
கல்லெறியும் தூரத்துக்கு நெருங்கி வருகின்றன.
அந்த இடத்தில்தான்
எஞ்சின் வெளிச்சத்தில் ஐந்து யானைகள்,
நடுவே ஒரு குட்டி,
இந்தத் தண்டவாளத்திலிருந்து அதற்கு
சிக்னல் எதையும் கேட்காமல்
போய்க்கொண்டிருந்தன.

துகள் கோட்டைத் தாண்ட வேண்டியதில்லை.
கோடே அலைந்தால் போதும்.

எழுதி வைத்தேன். தப்பாகவும் இருக்கலாம்.
விசைப்பலகையில் முறுக்குத் துணுக்கு
'க'வுக்கு அடியில் சிக்கிக்கொண்டது.

பதினைந்து கோடி கிலோமீட்டருக்கு அந்தப் பக்கமிருந்து வந்தவை
தலைக்கு மேலே எங்கோ துருவம் பார்த்துத் திரும்பியிருக்கும்.
கஞ்சிக்கோடு பத்துக் கிலோமீட்டர்கூட இல்லை.
மாசிலாமணி கடிகாரத்தைப் பார்த்தார்,
இருட்டைப் பார்த்தார்.
"அரை நாள் சம்பளம் போச்சுங்க.
குட்டி தாண்டிருச்சுங்களா?"